சுருங்கிய முகவரி: அன்றும் இன்றும்

பழைய கம்பெனிக் கடிதத்தாள் ஒன்று கையில் கிடைத்தால் அதன் தலைப்பைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், தெரு, ஊர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் ‘தந்தி’ என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல் அச்சாகியிருக்கும். அதுதான் அந்த நிறுவனத்தின் தந்தி முகவரி. தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம். முகவரியில் வரும் சொற்களுக்கும் காசு என்பதால் வணிகர்கள் தந்தி அலுவலகத்தில் பணம் கட்டி, ஒரு சொல்லைத் தங்களுக்கென்று பதிவு செய்துகொண்டார்கள். பம்பாயிலிருந்து தந்தி அடிப்பவர் அந்தச் சொல்லையும் ஊர்ப் பெயரையும் எழுதினால் போதும். தந்தி அலுவலகப் பேரேட்டில் அந்தச் சொல்லுக்கு நேரே முழு முகவரி இருக்கும். தந்தி கடைக்குப் போய்ச் சேரும்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இணையத்தில் இதே வேலை வேறு கைகளில் தொடங்கிவிட்டது. நீளமான இணைய முகவரியைக் கொடுத்தால் ஐந்தாறு எழுத்தில் ஒரு குறுமுகவரி கிடைக்கும். அதைத் தொட்டால் ஒரு பேரேட்டைப் பார்த்து, உரிய பக்கத்துக்கு அது நம்மைத் திருப்பிவிடும். விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் ‘ஷார்ட் லிங்க்’ என்று சொல்வது இதைத்தான்.

பழைய தந்தி முகவரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசங்கள் இரண்டு. தந்தி முகவரி பெரும்பாலும் கடையின் பெயரையோ சரக்கின் பெயரையோ ஒட்டி இருந்தது, பார்த்தவுடன் யாரென்று தெரிந்தது. பேரேடு அரசுத் துறையின் கையில் தலைமுறைக் கணக்கில் இருந்தது. இன்று நாம் இலவசமாக வாங்கிப் போடும் சுருக்க இணைப்பில் யார் என்பதும் தெரியாது, பேரேடு எத்தனை நாள் இருக்கும் என்பதும் தெரியாது. இணைய விளம்பரத்துக்காக இணைப்பைச் சுருக்குவதில் உள்ள நன்மை தீமைகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் இது எதற்காகப் பிறந்தது என்று பார்க்கலாம். 2002 ஜனவரியில் கெவின் கில்பர்ட்சன் என்ற அமெரிக்க இளைஞர் டைனியுஆர்எல் சேவையைத் தொடங்கினார். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவதில் ஆர்வம் உள்ளவர் அவர். அந்த ஆர்வலர்கள் பரிமாறிக்கொண்ட இணைப்புகள் மிக நீளமாக இருந்தன. அன்றைய மின்னஞ்சல்களில் வரி எழுபது எண்பது எழுத்தில் மடிந்துவிடும். மடிந்த இடத்தில் இணைப்பும் அறுந்துவிடும். பெற்றவர் தொட்டால் பாதி முகவரிதான் போகும், பக்கம் திறக்காது. அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் சுருக்கம் வந்தது. விளம்பரத்தைப் பற்றிய நினைப்பே அதில் இல்லை.

தமிழில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை பன்மடங்கு. ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லை இணைய முகவரியில் வைத்து, அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், அது சதவீதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 81 எழுத்துச் சரமாக மாறிப்போகும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். மெய்ப்புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனிக் கணக்கு. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் படிப்பவருக்கு ஏதோ கிருமி வந்துவிட்டதோ என்று தோன்றும். பிளாகரில் வலைப்பதிவு எழுதியவர்களுக்கு வேறு கதை. தமிழ்த் தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் எண் ஒட்டிய பொதுப் பெயர் ஒன்றை அது முகவரியாகக் கொடுத்துவிடும். ஆக, சுருக்குவது தமிழனுக்கு வசதிக்காக வந்த ஆடம்பரம் இல்லை. 2019இல் விக்கிமீடியா தனக்கென்று ஒரு சுருக்கச் சேவையைத் தொடங்கியபோது அதன் பயன் ஆங்கிலக் கட்டுரைகளைவிட நம் மொழிக் கட்டுரைகளுக்குத்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது உந்துதல் ட்விட்டரிலிருந்து வந்தது. 2006இல் அது தொடங்கியது. எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்தை மனத்தில் வைத்து, பயனர் பெயருக்கு 20 ஒதுக்கி, மீதி 140 என்று வரம்பு போட்டார்கள். நூறு எழுத்து இணைப்பை ஒட்டினால் சொல்ல வந்த சேதிக்கு இடமில்லை. முதலில் ட்விட்டரே டைனியுஆர்எல்லைப் பயன்படுத்தியது. 2009இல் அந்த இடத்தைப் பிட்லி பிடித்தது. 2008இல் நியூயார்க்கில் தொடங்கிய பிட்லி, சுருக்குவதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தது. இணைப்பை எத்தனை பேர் தொட்டார்கள், எப்போது தொட்டார்கள், எந்த நாட்டிலிருந்து, எந்தத் தளத்தின் வழியாக வந்தார்கள் என்று கணக்குக் காட்டியது. விளம்பரக்காரர்கள் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

அவர்களின் ஆர்வம் புதியதல்ல. எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளும் தவிப்பு விளம்பரத்தோடு பிறந்தது. 1923இல் விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் எழுதிய நூல் ஒன்று, விளம்பரத்தில் அடையாளமிட்ட கூப்பன் வைத்து, வந்த கூப்பன்களை எண்ணி, எந்தப் பத்திரிகையில் கொடுத்த பணம் பலித்தது என்று கணக்குப் பார்க்கும் முறையை விரிவாகச் சொல்லியது. நம் வார இதழ்களிலும் வெட்டி அனுப்பும் கூப்பன்கள் இருந்தன. தபால்வழி மருந்தும் புத்தகமும் விற்றவர்கள், ஒரு பத்திரிகைக்குத் துறை எண் ஒன்று, இன்னொன்றுக்குத் துறை எண் இரண்டு என்று முகவரியில் போட்டுவைத்தால் வரும் கடித உறைகளே கணக்குச் சொல்லிவிடும். அதற்குத் தபால் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். சுருக்க இணைப்பு அந்தக் கணக்கை உடனுக்குடன் கொடுத்தது, அதுவும் காசு வாங்காமல்.

சிறு வியாபாரிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. திருப்பூரில் ஒரு சிறிய உள்ளாடை விற்பனையாளர் தீபாவளிக்குத் தள்ளுபடி அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி, ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம், பேருந்து நிலையத்தில் நோட்டீஸ். மூன்றும் கூட்டிச் செல்வது ஒரே பக்கத்துக்கு. மூன்றுக்கும் மூன்று தனித்தனிச் சுருக்க இணைப்பு கொடுத்துவிட்டால், எந்த வழியில் வாடிக்கையாளர் வந்தார் என்பது அன்று மாலையே தெரியும். நோட்டீஸுக்குச் செலவழித்த பணம் வீண் என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம். பெரிய நிறுவனங்கள் இதற்காக முகவரியின் வாலில் யுடிஎம் என்ற அடையாளங்களைக் கோத்துவிடும். எந்தப் பிரசாரம், எந்த ஊடகம், எந்தப் படம் என்று அந்த வாலே சொல்லும். அதை அப்படியே போட்டால் இணைப்பு இருநூறு எழுத்துக்குப் போய்விடும். சுருக்கினால் வால் உள்ளே மறைந்துகொள்ளும், கணக்கும் கெடாது.

கியூஆர் கட்டத்துக்கும் சுருக்கத்தால் நேரடிப் பயன் உண்டு. பலரும் கவனிக்காத விஷயம் இது. கட்டத்தில் எவ்வளவு எழுத்து அடைக்கிறோமோ அவ்வளவுக்குப் புள்ளிகள் பெருகும். பிழை திருத்த அளவு மிகக் குறைவாக இருக்கும்போது, 30 எழுத்துக்குள் அடங்கும் முகவரிக்கு 25க்கு 25 என்ற கட்டம் போதும். 150 எழுத்து என்றால் 45க்கு 45 வேண்டும். 625 புள்ளி எங்கே, 2,025 புள்ளி எங்கே! மை கசியும் மலிவுத் தாளிலும், ஆட்டோ முதுகிலும், மங்கலான பேனரிலும் சிறு புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கைபேசி திணறும். குறுகிய முகவரி என்றால் பெரிய புள்ளி, தூரத்திலிருந்தே படிக்கலாம். அச்சான பிறகு பக்கத்தின் முகவரி மாறினாலும் பேரேட்டில் திருத்தினால் போதும். சிவகாசியில் லட்சக்கணக்கில் அட்டைப்பெட்டி அச்சடித்து வாங்குகிறவருக்கு இது பெரும் நிம்மதி.

இத்தனை நன்மைக்கும் நடுவே ஒரு எச்சரிக்கை. கிளிக் என்பது ஆள் அல்ல. மின்னஞ்சலில் வரும் இணைப்பைப் பாதுகாப்பு மென்பொருள் தானே ஒருமுறை திறந்து பார்க்கும். தேடுபொறியின் நிரல்களும் வந்து தொட்டுவிட்டுப் போகும். ஒரே ஆள் நான்கு தடவை தொடுவார். இன்னொரு பக்கம், ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று பொருள்படும் 301 என்ற குறியோடு திருப்பிவிடும் இணைப்பை உலாவி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பேரேட்டைக் கேட்காமலே போய்விடக்கூடும். அந்த வருகை கணக்கில் ஏறாது. இப்படிக் கூடியும் குறைந்தும் வரும் எண்ணை வைத்துக்கொண்டு ‘பத்தாயிரம் பேரிடம் கொண்டுசேர்த்தோம்’ என்று விளம்பர முகவர் சொன்னால், கல்லாவில் என்ன விழுந்தது என்று கேட்பதுதான் முறை.

இனி இன்றைக்கு வருவோம். இடத்தை மிச்சம் பிடிக்கும் தேவை பெரும்பாலும் போய்விட்டது. 2011 வாக்கில் ட்விட்டர் எல்லா இணைப்புகளையும் டி.கோ என்ற தன் சொந்தச் சுருக்கத்துக்குள் தானே கொண்டுவந்துவிட்டது. எவ்வளவு நீள இணைப்பானாலும் இன்று 23 எழுத்தாகத்தான் அது கணக்கிடுகிறது. 2017இல் வரம்பும் 280 ஆனது. மின்னஞ்சலில் எழுத்துக்குப் பின்னால் இணைப்பை மறைத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் படத்தோடும் தலைப்போடும் முன்னோட்டம் வருகிறது. ஆனாலும் சுருக்குவது நிற்கவில்லை, பெருகியிருக்கிறது. காரணம் எண்ணிக்கை ஒன்றுதான். வாசகருக்காகத் தொடங்கிய வசதி விளம்பரதாரருக்கான வசதியாக மாறிவிட்டது. அதற்கான விலையை மட்டும் வாசகரே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் பழைய தேவை அப்படியே இருக்கிறது. அது தமிழ் எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் குறுஞ்செய்தி, தமிழில் எழுதினால் 70தான் கொள்ளும். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனி இடம். ‘தீபாவளித் தள்ளுபடி’ என்ற இரண்டு சொல்லே 18 இடத்தைத் தின்றுவிடும். ஒரு இணைப்பு வைத்தால் செய்தி இரண்டாக உடையும், கட்டணம் இரட்டிக்கும். வாடிக்கையாளரிடம் அவர் மொழியில் பேச நினைக்கும் வியாபாரிக்குச் சுருக்கம் இன்றும் அவசியம். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே எஸ்எம்எஸ்ஸில்தான் நம்பிக்கை முதலில் செத்தது. ‘போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று வந்த செய்தியைப் பார்த்துப் பதறாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ‘உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை’ என்று அஞ்சல் துறை பெயரில் வரும். ‘வங்கிக் கணக்கு முடக்கப்படும், கேஒய்சி புதுப்பியுங்கள்’ என்று வரும். இப்படிப்பட்ட செய்திகள் பலவற்றின் கடைசியில் இருப்பது ஒரு சுருக்க இணைப்பு. தொட்டால் எங்கே போகும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேர்மையான ஜவுளிக்கடையின் இணைப்பும் திருடனின் இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓய்வூதியத்தை இப்படிப் பறிகொடுத்த பெரியவர்களைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் ஓயாமல் வருகிறது. அவர்களைப் பேராசைக்காரர்கள், விவரம் இல்லாதவர்கள் என்று சொல்வது கொடுமை. முகவரியை மறைத்து எழுதும் பழக்கத்தை வங்கிகளும் கடைகளும் அரசு அலுவலகங்களும் சேர்ந்து ஊருக்குப் பழக்கிவிட்டன. தெரியாத இணைப்பைத் தொடுவது இயல்பு என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்த பிறகு, ஏன் தொட்டீர்கள் என்று அவர்களைக் கேட்பது எந்த நியாயம்?

நம்பிக்கையான பெயரும் முழுப் பாதுகாப்பு அல்ல. அமெரிக்க அரசு பிட்லியோடு சேர்ந்து, அரசுத் தள இணைப்புகளைச் சுருக்கினால் அரசுப் பெயரிலேயே குறுமுகவரி வரும்படி செய்திருந்தது. 2012இல் மோசடிக்காரர்கள், ஒரு மாநில அரசுத் தளத்தில் யாரை வேண்டுமானாலும் வெளியே திருப்பிவிடும் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் வழியே வீட்டிலிருந்து சம்பாதிக்கலாம் என்ற போலி விளம்பரப் பக்கங்களுக்கு மக்களைக் கொண்டுபோனார்கள். பார்த்தவர் கண்ணுக்கு அது அமெரிக்க அரசின் முகவரி. 2016இல் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் மின்னஞ்சலைத் திருட அனுப்பிய போலிக் கடிதத்திலும் இருந்தது ஒரு பிட்லி இணைப்புதான்.

நம் நாட்டில் தாமதமாகவேனும் கடிவாளம் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி பெறாத இணைப்பு உள்ள வணிகக் குறுஞ்செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தடுக்க வேண்டும் என்றது. 2025இல் வந்த திருத்தத்தால், அனுப்புபவர் பெயரின் கடைசியில் விளம்பரம் என்றால் ஒரு எழுத்து, சேவை என்றால் ஒரு எழுத்து, அரசு என்றால் ஒரு எழுத்து என்று அடையாளம் வந்தது. ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு படி மேலே போய், வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்றது. முகவரியைப் பார்த்தவுடன் யாரென்று தெரிய வேண்டும் என்ற பழைய நியாயம் சட்டத்தின் வழியாகத் திரும்பி வருகிறது. யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பொதுச் சுருக்க இணைப்பை நம்பி எஸ்எம்எஸ் விளம்பரம் செய்த காலம் இந்தியாவில் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பேரேட்டின் ஆயுள். இதைப் பற்றித்தான் விளம்பரக்காரர்கள் மிகக் குறைவாகக் கவலைப்படுகிறார்கள், அவர்களுக்கு நட்டம் வருவதும் இதில்தான். 2009 ஆகஸ்டில் ட்ரிம் என்ற சுருக்கச் சேவை திடீரென்று கடையை மூடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் முடிவை மாற்றிக்கொண்டது. ஆனால் இந்தச் சேவைகள் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகின்றன என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில் கிளிக்ஸ் என்ற இன்னொரு சேவைக்குள் யாரோ புகுந்து, 22 லட்சம் இணைப்புகளை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு பூட்டை உடைத்ததும் 22 லட்சம் கதவு திறந்துகொண்டது. 2010 அக்டோபரில் வேறு மாதிரி சோதனை வந்தது. பிட்லியின் கடைசி இரண்டெழுத்து லிபிய நாட்டுக்குரியது. அதே லிபிய முகவரியில் இயங்கிய ஒரு சிறிய சுருக்கச் சேவையை, உள்நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. எங்கோ ஒரு நாட்டின் அதிகாரி எடுக்கும் முடிவில் நம் ஊர் விளம்பரத்தின் இணைப்பு அறுந்துபோகலாம் என்பது பலருக்கும் அன்றுதான் உறைத்தது.

சின்ன நிறுவனம் என்றால் ஆபத்து, பெரிய நிறுவனம் என்றால் நிரந்தரம் என்று நம்பியவர்களுக்குக் கூகுளின் கதை ஒரு பாடம். 2009 டிசம்பரில் கூகுள் தன் சுருக்கச் சேவையைத் தொடங்கியது, மறு ஆண்டு எல்லோருக்கும் திறந்துவிட்டது. கூகுள் என்ற பெயரை நம்பி உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் சுருக்கினார்கள். 2018இல் இந்தச் சேவையை மூடப்போவதாகச் சொன்ன கூகுள், ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் என்ற தன் இன்னொரு சேவையைக் காட்டியது. 2019 மார்ச்சுக்குப் பிறகு புதிதாகச் சுருக்க முடியவில்லை, பழையவை மட்டும் இயங்கின. 2024 ஜூலையில் அவையும் 2025 ஆகஸ்ட் 25 அன்று செத்துப்போகும் என்று அறிவித்தது. ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் சேவைக்கும் கூகுள் குறித்த முடிவுநாள் அதே 2025 ஆகஸ்ட் 25. இந்த வீடு இடியப்போகிறது, அந்த வீட்டுக்குப் போ என்று சொன்னவரே, இரண்டையும் ஒரே நாளில் இடிக்க நாள் குறித்தார்.

கூகுள் சொன்ன காரணம், 99 சதவீதத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை முந்தைய மாதத்தில் யாரும் தொடவில்லை என்பது. புத்தகத்தின் அடிக்குறிப்பில் அச்சான இணைப்பை மாதாமாதம் யார் தொடுவார்கள்? ஆய்வேட்டில், பழைய துண்டறிக்கையில், பொருளின் அட்டைப்பெட்டியில் உள்ளதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒருவர் தேடி வருவார். அந்த ஒருவருக்கு அது திறந்தாக வேண்டும். பல தரப்பிலிருந்தும் குரல் எழுந்ததால் 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் கூகுள் கொஞ்சம் இறங்கிவந்தது. 2024 கடைசியில் அசைவே காட்டாத இணைப்புகளைத் தவிர மற்றவற்றைக் காப்பாற்றுவதாகச் சொன்னது. கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்துக்கு வழிகாட்டும் கூகுள் மேப்ஸ் இணைப்புகளுக்கு ஆபத்தில்லை. மற்றபடி, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் எங்கோ அச்சில் உறங்கிக்கொண்டிருந்தவை போய்விட்டன. ‘ஆர்க்கைவ் டீம்’ என்ற தன்னார்வக் குழு, சுருக்க இணைப்புகள் எங்கே போகின்றன என்று பல ஆண்டுகளாகச் சேகரித்து வைக்கிறது. இவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

மூடாமல் இருக்கும் சேவைகளும் பழைய நிபந்தனையிலேயே இருப்பதில்லை. இலவசமாகத் தாராளமாகக் கொடுத்தவை, கணக்கைச் சுருக்கி, சந்தாவுக்கு இழுக்கின்றன. இலவச இணைப்பைத் தொட்டால் நேரே பக்கத்துக்குப் போகாமல் நடுவில் ஒரு பக்கம் வந்து நிற்பதும் உண்டு. உங்கள் விளம்பரத்தைப் பார்க்க வந்தவருக்கு நடுவழியில் வேறொருவரின் விளம்பரம். கியூஆர் கட்டத்தில் இது இன்னும் கடுமை. இணையத்தில் ‘இலவச கியூஆர்’ என்று தேடி உருவாக்கும் பல கட்டங்கள், கடையின் முகவரியை நேரே சுமப்பதில்லை. உருவாக்கிக் கொடுத்த நிறுவனத்தின் சுருக்க இணைப்பைத்தான் சுமக்கின்றன. சில நாள் கழித்துச் சந்தா கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் கட்டம் செத்துவிடும். அதற்குள் அது ஐம்பதாயிரம் பெட்டியில் அச்சாகியிருக்கும்.

வாசகர் பக்கம் நின்று இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சுருக்க இணைப்பைத் தொடும்போது, போகும் பக்கத்துக்கு முன்பாக நடுவில் இருக்கும் நிறுவனம் நம்மைப் பார்த்துவிடுகிறது. நேரம், கருவி, ஏறக்குறைய ஊர், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதெல்லாம் அதன் பேரேட்டில் ஏறும். 2016இல் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் மார்ட்டின் கியோர்கியேவும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் இன்னொரு ஆபத்தைக் காட்டினார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் என 62 குறிகளைக் கொண்டு ஆறெழுத்தில் செய்யக்கூடிய முகவரிகள் சுமார் 5,680 கோடி. மனிதருக்கு அது பெரிய எண், கணினிக்குச் சிறியது. ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே, பிறர் தனியாகப் பகிர்ந்த கோப்புகளையும் வரைபட வழிகளையும் அவர்களால் திறக்க முடிந்தது. கூகுள் தன் வரைபட இணைப்புகளை நீளமாக்கியது அவர்கள் எச்சரித்த பிறகுதான். வாடிக்கையாளரின் பில், முன்பதிவு, மருத்துவ அறிக்கை போன்றவற்றைக் குட்டி இணைப்பில் அனுப்பும் நிறுவனங்கள் இதைப் படிக்க வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் இது அலட்சியத்துக்குரிய விஷயம் இல்லை.

யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பொருள் பரிந்துரைப்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. சுருக்கத்துக்குள் கமிஷன் அடையாளம் மறைந்திருக்கிறது. நீங்கள் வாங்கினால் அவருக்குப் பங்கு. அதில் தவறில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தவறு. விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி 2021இலேயே இதற்கு விதி வகுத்துவிட்டது, பணமோ பங்கோ வாங்கினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இணைப்பு சுருங்கலாம், நாணயம் சுருங்கக் கூடாது.

ஆகவே சுருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. யாருடைய பெயரில் சுருக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதை முன்பே உணர்ந்துகொண்டன. யூடியூப், நியூயார்க் டைம்ஸ், வாட்ஸ்அப் எல்லாம் தங்கள் பெயரை ஒட்டிய குறுமுகவரியைத் தாங்களே வைத்திருக்கின்றன. இது பெரிய முதலீடு கேட்கும் காரியமும் இல்லை. கடைப் பெயரில் ஒரு ‘.இன்’ முகவரி வாங்க ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஆகும். அதன் பின்னால் சாய்கோடு போட்டு ‘தீபாவளி’, ‘ஆடி’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால் குறுமுகவரி தயார். சொல்லிக் கொடுக்கலாம், வானொலியில் படிக்கலாம், பாட்டி பார்த்தாலும் இது யாருடைய கடை என்று தெரியும். எங்கே திருப்பிவிட வேண்டும் என்ற பேரேடு உங்கள் கையில். கிளிக் கணக்கும் உங்களிடம். சுருக்கித் தந்த நிறுவனம் மூடினாலும், சேவையை மாற்றிக்கொண்டு அதே முகவரியில் தொடரலாம்.

வாட்ஸ்அப் செய்தியிலும் மின்னஞ்சலிலும் உங்கள் தளத்திலும் முழு முகவரியையே போடுங்கள், அங்கே இடப் பஞ்சம் கிடையாது. அச்சு, எஸ்எம்எஸ், கியூஆர் மூன்றுக்கும் சுருக்குங்கள், உங்கள் பெயரிலேயே சுருக்குங்கள். கியூஆர் கட்டம் அச்சுக்குப் போகும் முன் கைபேசியில் திறந்து, முதலில் எந்த முகவரி தோன்றுகிறது என்று பாருங்கள். அது உங்கள் கடைப் பெயராக இல்லையென்றால் அச்சை நிறுத்திவிடுங்கள். எந்த இணைப்பு எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறாதீர்கள். காலாவதியான கடை முகவரியை மோசடிக்காரர் வாங்கிவிட்டால், உங்கள் பழைய நோட்டீஸ்கள் எல்லாம் அவருக்கு விளம்பரம் செய்யும்.

இணைப்பைத் தொடும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். அறியாத இடத்திலிருந்து சுருக்க இணைப்பு வந்தால் அவசரப்பட வேண்டாம். மின்வாரியம், வங்கி, அஞ்சலகம் எதுவானாலும் அதன் செயலியையோ தளத்தையோ நீங்களே திறந்து பாருங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல், வெட்கப்படாமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.